சிங்கப்பூரில் மடக்குக்கத்தி: வாங்க, பராமரிக்க, வெளியே எடுத்துப்போக

மரப்பிடியோ எலும்புப்பிடியோ போட்ட பழைய பாணி மடக்குக்கத்தி ஒன்று வாங்கலாம் என்று தோன்றியிருக்கிறதா? நல்ல பொழுதுபோக்குதான். இடத்தை அடைக்காது, மூவறை வீட்டில் ஒரு மேசை இழுப்பறை போதும். மாம்பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, பென்சில் சீவ என்று தினமும் கைக்கு வேலை வரும். ஆனால் காலையில் கைப்பேசி, சாவி, பணப்பையோடு கத்தியையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பும் பழக்கத்தை யூடியூப் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்கக் கிராமத்துக்குச் சரி. இங்கே அதை அப்படியே செய்யக் கூடாது. அதனால் எந்தக் கத்தி என்று பார்ப்பதற்கு முன்பு சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

முதலில் சட்டம்

சிங்கப்பூரில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்குதல் ஆயுதங்கள் மூன்றையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவது. அதன்படி, தகுந்த அனுமதியோ சட்டப்படியான காரணமோ இல்லாமல் பொது இடத்தில் தாக்குதல் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். தண்டனை 3 ஆண்டு வரை சிறை. கூடவே குறைந்தது 6 பிரம்படி. எது ஆயுதம் என்பதில்தான் புதியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தாக்குவதற்குப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் இதில் அடங்கலாம். இத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று நண்பர்கள் சொல்லும் கணக்கை நம்பிக் கிளம்பாதீர்கள். நீளத்தைவிட, நீங்கள் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கேட்கப்படும்.

எம்ஆர்டி நிலையத்தில் பையைத் திறந்து காட்டச் சொல்லும்போது "சும்மா, எப்போதும் வைத்திருப்பேன்" என்பது காரணம் ஆகாது. "தற்காப்புக்கு" என்று சொன்னால் அதைவிட மோசம். அது ஆயுதம்தான் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள்.

நான் புதியவர்களுக்குச் சொல்லும் விதி ஒன்றுதான்: வெட்டப்போகும் பொருளும் கத்தியும் ஒரே பையில் இருக்க வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் குடும்பத்தோடு சாப்பிடப் போகிறீர்கள், டப்பாவில் ஆப்பிளும் கொய்யாவும் இருக்கின்றன; அந்த டப்பாவுக்குள்ளேயே சின்னக் கத்தியும் துணியில் சுற்றி இருக்கட்டும். வீடு திரும்பியதும் கத்தி இழுப்பறைக்குப் போய்விட வேண்டும். மறுநாள் அலுவலகப் பையில் அது கிடக்கக் கூடாது. இப்படி நடந்துகொண்டால் மட்டும் சட்டம் தொடாது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் கேட்கப்படும்போது சொல்ல உண்மையான காரணம் ஒன்று உங்களிடம் இருக்கும்.

பொத்தானை அழுத்தியதும் பாயும் கத்தி, மணிக்கட்டை உதறினால் திறக்கும் கத்தி, இரண்டு பிடியும் சுழலும் வண்ணத்துப்பூச்சிக் கத்தி, இருபக்கமும் கூரான குத்துவாள், இவற்றின் பக்கமே போக வேண்டாம். வீட்டில்தானே வைக்கப்போகிறேன் என்ற சமாதானமும் வேண்டாம். பழைய பாணி மடக்குக்கத்தி சேர்ப்பவருக்கு இவை தேவையும் இல்லை. ஐயம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே காவல்துறை இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

கடற்பாலம் தாண்டி ஜோகூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியாவிலும் இதே பெயரில், இதே 1958-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிக்குக் கத்தியோடு போய் நிற்காதீர்கள்.

அப்படியானால் தினமும் வைத்திருப்பது எப்படி? வீட்டுக்குள்தான். அரைக்கால்சட்டைப் பாக்கெட்டில், படிக்கும் மேசையில், சமையலறை ஜன்னலோரத்தில். கைலி கட்டுபவர் இடுப்பில் செருக வேண்டாம். மேசையில் சின்னத் தட்டு ஒன்று போதும்.

எந்தக் கத்தி?

பழைய பாணி மடக்குக்கத்திகளில் பெரும்பாலானவற்றில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் ஓடும் எஃகு வில் அலகின் அடிப்பகுதியை அழுத்திப் பிடிக்கும். திறந்திருக்கும்போது திறந்தே நிற்கவும், மடிந்திருக்கும்போது மடிந்தே இருக்கவும் அந்த அழுத்தம்தான் காரணம். அலகின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்தால் திறக்கும். பூட்டு இல்லாததால் குத்தவோ நெம்பவோ இது ஆகாது. டின் மூடியை நெம்பப் போனால் மடிந்து விரலில் இறங்கிவிடும். இழுத்து வெட்டும் வேலைக்கு மட்டுமே இது.

முதல் கத்திக்கு நான் முதலில் சொல்வது சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். கார்ல் எல்சனர் 1884-இல் இபாக் ஊரில் தொடங்கிய பட்டறை அது. 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது. நாம் எல்லாரும் அறிந்த சிவப்புக் கத்தியின் மூதாதை 1897-இல் வந்தது. அலுமினியப் பிடி போட்ட 84 மில்லிமீட்டர் கேடட் ரகம் மெல்லியது, துரு ஏறாத எஃகு, டப்பா திறப்பானும் உண்டு. பார்ப்பவர் முகமும் சுளிக்காது. இங்கே அது சின்ன விஷயமில்லை. எலும்புப்பிடியின் அழகு இதில் கிடையாது என்று சேகரிப்பாளர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். பராமரிப்பு தெரியாதவர் கையில் தப்பிப் பிழைப்பது இதுதான்.

அடுத்தது பிரான்சின் ஓப்பினெல். சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஓப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கியது. பீச் மரப்பிடி, ஓர் அலகு, அவ்வளவுதான். அளவுகளுக்கு எண் உண்டு: எண் 8-இன் அலகு 8.5 சென்டிமீட்டர், எண் 6-இன் அலகு 7 சென்டிமீட்டர். எண் 6 முதல் மேலே உள்ளவற்றில் அலகைப் பூட்டும் சுழல்வளையம் இருக்கும். அந்த வளையம் 1955-இல் சேர்ந்தது. எண் 5-இலும் அதற்குக் கீழும் வளையம் கிடையாது. பழம் வெட்டவும் பென்சில் சீவவும் எண் 5 அல்லது 6 தாராளம். அலகில் 'இனாக்ஸ்' என்று பொறித்திருந்தால் துரு ஏறாத எஃகு; 'கார்போன்' என்றிருந்தால் கார்பன் எஃகு.

இதில் நம் ஊர்க் காற்றுக்கே உரிய சிக்கல் ஒன்று வரும். ஈரத்தை உறிஞ்சி மரப்பிடி உப்பி, அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகம்தான் உடையும். பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள். அலகு கொஞ்சம் எழும்பும், அங்கே பிடித்து இழுக்கலாம். சவோய்க்காரர்களின் பழைய தந்திரம் அது. வளையம் உள்ள கத்தி என்றால் தட்டுவதற்கு முன்பு அது பூட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜப்பானின் ஹிகோனோகாமி மூன்றாவது. மிக்கி நகரத்தில் உருவானது. மடித்த பித்தளைத் தகடே பிடி. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் பின்னால் நீண்டிருக்கும் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும். ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரிடமும் பென்சில் சீவ இது இருந்தது. 1960-இல் தோக்கியோவில் ஓர் அரசியல்வாதி மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அதன்பிறகு பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் பரவ, இந்தக் கத்தியின் சந்தை சுருங்கிப்போனது. கொலைக்குப் பயன்பட்டதோ குட்டை வாள். பழி விழுந்தது பென்சில் கத்தி மேல்.

அமெரிக்கக் கத்திகளில் பென்சில்வேனியாவின் கேஸ் நிறுவனம் பெரிய பெயர். அதன் 'பீனட்' ரகம் மடித்தால் 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு குட்டி அலகுகள், உள்ளங்கையில் மறைந்துவிடும். மூன்று அலகு 'ஸ்டாக்மேன்' மாடு மேய்ப்பவர்களுக்காக உருவானது. வீவக புளோக்கில் மாடு ஏது? அழகுக்காக வேண்டுமானால் வாங்குங்கள்.

கடையில் எப்படிப் பார்ப்பது

புதுக் கத்தியோ பழையதோ, கையில் வாங்கியதும் வெளிச்சத்துக்கு எதிரே முதுகுப் பக்கத்தைப் பிடியுங்கள். வில்லுக்கும் அதன் இருபுறத் தகடுகளுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தால் வேலைப்பாடு சுமார்தான். பிறகு முதுகை விரலால் தடவுங்கள். திறந்தபோதும் மடித்தபோதும் வில் பிடியோடு சமமாக இருக்க வேண்டும். மேடோ பள்ளமோ தட்டக் கூடாது.

மெதுவாகத் திறந்து பாருங்கள். நல்ல வில் கடைசியில் 'டக்' என்று தீர்மானமாக நிற்கும். சில ரகங்கள் பாதி வழியில், செங்குத்தாக வரும்போது ஒருமுறை நிற்கும். மடக்கும்போது விரலை எடுக்க அவகாசம் கிடைப்பதால் புதியவருக்கு அது நல்லது. திறந்த அலகை இடம் வலமாக அசைத்துப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். நகம் பிய்ந்துபோகும் அளவுக்கு இறுக்கமாக இருந்தாலும் வேண்டாம், தினமும் எடுக்க மனம் வராது.

கடைசியாக, மடக்கும்போது கைவிட்டு 'சடக்' என்று விழ விடாதீர்கள். கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, உள்ளே வில்லில் மோதினால் அந்த இடம் மழுங்கிவிடும். மெதுவாக மடித்து, உள்ளே எட்டிப் பார்த்து, வாய்க்கும் வில்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே வாங்குவது? விக்டோரினாக்ஸ் பெரிய கடைத்தொகுதிகளிலேயே கிடைக்கும். பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்தின் ஆர்மி மார்க்கெட்டை ஒரு சுற்று சுற்றிவரலாம். தேசிய சேவைக்காரர்களுக்கான கடைகள் அவை, பொறுமையாகத் தேடினால் ஏதாவது கண்ணில் படும். பழைய பொருளுக்குப் பேர்போன சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. அங்கே தரையில் விரித்த துணியில் கத்தி பொறுக்கிய காலம் போயிற்று. இப்போது கரோசல் என்ற இணையச் சந்தைதான் கதி. படத்தில் அலகின் அடிப்பகுதி தெளிவாகத் தெரியாவிட்டால், அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

வெளிநாட்டில் இணையம்வழி வாங்கினால் 400 வெள்ளிக்குக் கீழே உள்ள பொருளுக்கும் 2023 முதல் பொருள் சேவை வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

துருவோடு குடித்தனம்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். வறண்ட ஊர்க்காரர்கள் எழுதிய பராமரிப்புக் குறிப்புகள் இங்கே பாதிதான் பலிக்கும்.

கார்பன் எஃகில் இரண்டு வகை நிறமாற்றம் உண்டு. மாம்பழம் வெட்டித் துடைத்துவிட்டுப் பார்த்தால் வெள்ளியாக இருந்த அலகில் நீலமும் ஊதாவும் படர்ந்திருக்கும். பெட்ரோல் சிந்திய தண்ணீரில் தெரியுமே, அந்த நிறம். நாளாக ஆக அது சாம்பலாகும். இது கெடுதல் இல்லை. மேலே படியும் இந்தப் படலம் சிவப்புத் துருவைக் கொஞ்சம் தடுக்கும். தேய்த்து அழிக்காதீர்கள். ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக வருவதுதான் எதிரி. அதை அன்றைக்கே எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். விட்டால் குழி விழும். குழி விழுந்த பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

வேலை முடிந்ததும் செய்ய வேண்டியது எளிது. ஈரத்துணியால் துடை, உடனே உலர்ந்த துணியால் துடை, திறந்தபடியே மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் வை, பிறகு மடி. தண்ணீரில் ஊறப் போடக் கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் மரப்பிடியின் கதை முடிந்தது. எலுமிச்சை, ஊறுகாய், அன்னாசி வெட்டினால் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருக்காமல் அப்போதே துடையுங்கள். பார்சல் நாடாவின் பசை அலகில் ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தால் வந்துவிடும். பிறகு அந்த எண்ணெயையும் துடைத்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் கொஞ்சம் குறுக்கே வரும். நல்லெண்ணெய் போடலாமே என்று அம்மா சொல்வார். வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுத்து, கீல் இறுகிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் திரவப் பாரஃபின் நல்லது. மணமில்லை, கெடாது, பழம் வெட்டும் அலகில் இருந்தாலும் பயமில்லை. அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் குளிரூட்டிய அறையில் அது உறைந்து கீலுக்குள் போகாமல் நிற்கும். தையல் இயந்திர எண்ணெய் வழுக்கும்தான். உணவு தொடும் கத்திக்கு வேண்டாம். கீலில் ஒரு சொட்டு, அலகில் மெல்லிய பூச்சு. அதற்குமேல் போட்டால் பாக்கெட்டில் இருக்கும் பஞ்சும் தூசும்தான் சேரும்.

சேர்த்து வைப்பதிலும் இரண்டு எச்சரிக்கை. தோல் உறை அழகாக இருக்கும்; எடுத்துப்போகத்தான் அது, நிரந்தரமாக உள்ளேயே போட்டு வைக்க அல்ல. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் துரு சிரிக்கும். இன்னொன்று, பழைய செல்லுலாய்டு பிடி போட்ட கத்திகள். அந்தப் பிளாஸ்டிக் மக்கத் தொடங்கினால் வாயு விடும்; அது தன் அலகை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் அரித்துவிடும். அவற்றைத் தனிப் பெட்டியில், காற்றோட்டமாக வையுங்கள்.

புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் ஈரம் நீக்கும் அலமாரி இருந்தால் அதில் ஒரு தட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 45 முதல் 50 விழுக்காடு சரியாக இருக்கும். இன்னும் குறைத்தால் எஃகுக்கு நல்லது, ஆனால் எலும்பும் மரமும் வெடிக்கும். அலமாரி இல்லாதவர்க்கு இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் நாலு சிலிக்கா பொட்டலமும் போதும்.

சாணை பிடிக்க

தேக்காவிலோ ஈரச்சந்தையிலோ சாணை பிடிப்பவரிடம் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். வெட்டுக்கத்திக்குச் சரி. சுழலும் கல்லில் சின்ன அலகு சூடேறிப் பதம் போய்விடும், பாதி எஃகும் கரைந்துவிடும். 1000 எண் தண்ணீர்க்கல் ஒன்று வாங்கி நீங்களே பழகுங்கள்.

கல்லை நனைத்து, ஈரத்துணிமேல் நகராமல் வையுங்கள். அலகைப் படுக்க வைத்து, முதுகை மட்டும் லேசாகத் தூக்குங்கள். 15 முதல் 20 பாகை. சாய்வு மாறாமல் இருப்பதுதான் முழு வித்தையும். வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். விரலை வாயின் நீளத்துக்கு ஓட்டாமல், முதுகிலிருந்து வெளிப்பக்கமாகக் குறுக்கே தடவினால் அது தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை பிசிறு எழுந்துவிட்டது என்றால் அந்தப் பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டு மறுபக்கம். பிறகு அழுத்தம் குறைத்து மாற்றி மாற்றி நாலைந்து இழுப்பு. கடைசியாகப் பழைய தோல் இடைவாரின் உட்புறத்தில், வாய் பின்னால் வரும்படி இழுத்தால் மிச்சப் பிசிறு போய்விடும். முந்தைய நாள் 'தமிழ் முரசு' தாள் ஒன்றைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல், சத்தமில்லாமல் இறங்கினால் போதும். கல் வாங்கும்வரை பீங்கான் குவளையின் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்குமே, அதுவும் உதவும்.

சேகரிப்பு பெருகும்போது

நாலைந்து கத்தி ஆனதும் ஒரு போக்கைப் பிடியுங்கள். ஒரே நாடு, ஒரே ரகம், ஒரே மரம், ஏதோ ஒன்று. கண்டதை எல்லாம் வாங்கினால் காசுதான் கரையும்.

அலகின் அடியில் இருக்கும் முத்திரையைப் படிக்கப் பழகுவது இதில் சுவையான பகுதி. கேஸ் கத்திகளில் 1970-இல் 10 புள்ளி அடித்தார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்தார்கள். ஆகவே எழுபதுகளின் கத்தி ஒன்றில் 7 புள்ளி எண்ணினால் அது 1973. ஷெஃபீல்டின் ஜோசஃப் ராட்ஜர்ஸ் கத்தியில் நட்சத்திரமும் சிலுவையும் இருக்கும். 1682-இல் பதிவான முத்திரை. வீட்டில் பெரியவர்களின் பெட்டியில் பழைய பேனாக்கத்தி கிடந்தால் அதை முதலில் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று மெருகுச் சக்கரத்தில் வைத்தால் முத்திரை தேயும், மதிப்பும் தேயும்.

'லகியோல்' என்ற பெயரைக் கண்டதும் மயங்காதீர்கள். அது பிரான்சில் ஒரு கிராமத்தின் பெயர். முதுகில் தேனீ உருவம் வைத்த அழகான கத்தி வடிவத்துக்கும் அதுவே பெயர். யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போட்டு விற்கும் நிலை நெடுங்காலம் இருந்தது. தேனீ இருப்பதால் அசல் ஆகிவிடாது. செய்த பட்டறையின் பெயர் அலகில் இருக்கிறதா என்று பாருங்கள். வில்லையும் இடைவெளியையும் முன்னே சொன்னபடி சோதியுங்கள்.

பயணத்தில் வாங்கி வருவதானால் விமானத்தில் கைப்பையில் வைக்கவே வேண்டாம், ஒப்படைக்கும் பெட்டிக்குள்தான். போய்ச் சேரும் நாட்டின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாங்கியில் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் நுழைவாயிலில் நடக்கும். பாக்கெட்டில் கத்தி இருப்பது அங்கே நினைவுக்கு வந்தால், பெட்டி ஏற்கெனவே போயிருக்கும், திரும்பி ஓடவும் நேரம் இருக்காது. கத்தியை விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே எல்லாப் பாக்கெட்டையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.